நின்று பிழைக்கிற கால், ஓடவும் வேண்டும்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக் கடையின் புடவைப் பிரிவில் வேலை செய்கிறேன். காலை பத்து மணிக்கு கவுன்ட்டருக்குள் நுழைந்தால், ராத்திரி ஒன்பதுக்கு ஷட்டர் இறங்கும் வரை நிற்பதுதான் உத்தியோகம். வயசு நாற்பதைத் தாண்டிவிட்டது. வீடு தண்டையார்பேட்டையில், இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. வாரத்தில் நான்கு நாள் விடியற்காலையில் ஓடுகிறேன். எல்லாம் சேர்ந்து முப்பது கிலோமீட்டருக்குப் பக்கத்தில் வரும்.

இதையெல்லாம் முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தசைச் சோர்வைப் பற்றிப் பேசுகிறவர்களில் பலர் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள். "ஓடாத நாள் ஓய்வு நாள்" என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். எனக்கோ ஓடாத நாளிலும் கெண்டைக்காலுக்குப் பதினோரு மணி நேர டூட்டி இருக்கிறது. அதற்கு மேல் அடி பம்பில் தண்ணீர் அடித்து மாடிக்குத் தூக்குவது, சீசன் நாளில் குடோனிலிருந்து பண்டல் இறக்குவது. ஓடி வந்த களைப்பு வேறு, கடையில் நின்று வந்த களைப்பு வேறு என்று கால் பிரித்துப் பார்ப்பதில்லை. எல்லாப் பற்றும் ஒரே நோட்டில்தான் ஏறுகிறது. நர்ஸ், டிராஃபிக் போலீஸ், ஓட்டல் மாஸ்டர், வாத்தியார், செக்யூரிட்டி என்று நின்று பிழைக்கிற யாராக இருந்தாலும் ஓட ஆரம்பிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

எங்கள் பக்கத்தில் நீண்ட ஓட்டம் என்றால் ஞாயிற்றுக்கிழமை. ராயபுரத்தில் கூடி, ராஜாஜி சாலை வழியாக பீச் ஸ்டேஷன், ரிசர்வ் பேங்க், போர் நினைவுச் சின்னம், நேப்பியர் பாலம் தாண்டி மெரினா வரைக்கும் போய்த் திரும்புவார்கள். அருமையான ரூட். அந்த நேரத்தில் லாரியும் குறைவு, கூட ஓட ஆளும் இருக்கும். ஆனால் ஞாயிறுதான் எங்கள் தெருவில் கால் வைக்க இடமில்லாத நாள். கல்யாணப் பட்டு எடுக்க வரும் ஒரு குடும்பத்துக்கு எண்பது புடவையாவது பிரித்துப் போட வேண்டும். காலையில் இரண்டு மணி நேரம் ஓடிவிட்டு அந்தக் கூட்டத்தில் போய் நின்றால், கிழிந்த தசை நார் எந்த நேரத்தில் ஒட்டும்?

அதனால் என் நீண்ட ஓட்டம் செவ்வாய்க்கிழமை, என் வார லீவு நாளில். ஓடி முடித்து, சாப்பிட்டு, படுத்து, மத்தியானம் இன்னொரு தூக்கம் போட்டு, புதன்கிழமை ஓடாமல் கடைக்குப் போகிறேன். வியாழன் கொஞ்சம் வேகம். வெள்ளியும் சனியும் பேசிக்கொண்டே ஓடும் வேகம். முழு வாக்கியம் மூச்சு வாங்காமல் பேச வர வேண்டும், அதற்கு மேல் போகமாட்டேன். ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் ஓட்டமே இல்லை. தனியாக ஓடுவது ஒரு குறைதான், அதை மறைக்கவில்லை. ஆனால் யாராவது என்னிடம் "எந்த நாள் எவ்வளவு ஓடலாம்?" என்று கேட்டால், நான் திருப்பிக் கேட்பது "ஓடி முடித்த பிறகு அன்றைக்கு உங்களுக்கு என்ன வேலை?" என்பதைத்தான். கடினமான ஓட்டத்துக்குப் பின்னால் வருகிற இருபத்து நாலு மணி நேரம் லேசாக இருக்கும்படி நாளைத் தேர்ந்தெடுப்பது, நான் வாங்கிய எந்த ஷூவை விடவும் காலுக்கு நல்லது செய்திருக்கிறது.

எங்கள் ஏரியாவில் பாக்ஸிங் சொல்லித்தரும் மாஸ்டர் ஒருத்தர். வடசென்னையில் தெருவுக்கொரு மாஸ்டர் இருப்பார், இவர் எங்கள் தெருவுக்கு. நான் மெதுவாக ஓடுவதைப் பார்த்தால், "இன்னாமா, நடந்துக்கினு போறியா? வலி வரலன்னா அது இன்னா ஓட்டம்?" என்று சத்தம் கொடுப்பார். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. அறுபது வயசில் அவர் ஸ்கிப்பிங் ஆடுவதைப் பார்க்கவே ஒரு கூட்டம் நிற்கும். ஆனால் மாஸ்டர் தினம் மத்தியானம் இரண்டு மணி நேரம் அடித்துப்போட்ட மாதிரி தூங்குவார் என்பதை அவர் வாயால் சொல்லமாட்டார். அவர் வீட்டுக்காரம்மா எங்கள் கடைக்குப் புடவை எடுக்க வந்தபோது சொன்னது.

வலியைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் கட்டுக்கதை அதிகம். "லாக்டிக் ஆசிட் சேர்ந்துபோச்சு, அதான் வலிக்குது" என்று எல்லோரும் சொல்வார்கள். ஓடும்போது உண்டாகும் லாக்டேட்டை உடம்பே எரிபொருளாக எடுத்துக்கொள்கிறது. ஓட்டத்தை நிறுத்தி ஒரு மணி நேரம் போல ஆனால் ரத்தத்தில் அது பழைய அளவுக்கு வந்துவிடும். மறுநாள் வருகிற வலிக்கு அது காரணம் ஆக முடியாது. மறுநாள் வலி, பழக்கமில்லாத வேலையால் தசை நார்களில் உண்டாகும் நுண்ணிய சேதமும், அதைச் சரிசெய்ய உடம்பு அனுப்பும் அழற்சியும் சேர்ந்து வருவது. அது ஓடின அன்றைக்குத் தெரியாது. மறுநாள் தொடங்கி, இரண்டாம் நாள் உச்சத்துக்குப் போய், மூன்றாம் நாளுக்கு மேல் இறங்கும்.

இதிலும் தசை சுருங்கும்போது வருவதைவிட, பாரத்தைத் தாங்கிக்கொண்டே நீளும்போதுதான் சேதம் அதிகம். மின்ட் மேம்பாலத்தில் ஓடிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஏறும்போது மூச்சு வாங்குகிறது, அதனால் ஏற்றம்தான் கஷ்டம் என்று தோன்றும். மறுநாள் தொடையின் முன்பக்கம் பிடித்துக்கொள்வது இறக்கத்தில் ஓடினதால். ஒவ்வொரு அடியிலும் முன்தொடை பிரேக் போட்டுக்கொண்டே இறங்குகிறது. மெட்ரோ படியில் ஏற முடிகிறது, இறங்கத்தான் முடியவில்லை என்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆளைப் பார்த்தால், இவர் ஏதோ பாலத்தில் ஓடியிருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

நல்ல செய்தி என்னவென்றால், அதே வேலையை ஓரிரு வாரத்தில் மறுபடி செய்தால் வலி பாதிகூட வராது. தசை பழகிக்கொள்கிறது. அதனால் பாலத்தை முதல் தடவை ஒரே ஒருமுறை ஏறி இறங்கி, அடுத்த வாரம் இரண்டு முறை என்று கூட்டுவது போதும். நாளும் முக்கியம். வியாழக்கிழமை பாலம் ஓடினால் உச்ச வலி சனிக்கிழமை வந்து உட்காரும், ஞாயிறு கூட்டத்தில் அல்லாட வேண்டும். அதனால் பாலம் என்றால் எனக்குச் செவ்வாய்தான். அந்த வாரம் வியாழக்கிழமை வேகம் கிடையாது.

சமதளத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. நம் ரோடுகள் நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் இருக்கும், மழைத் தண்ணீர் வடிய. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலைப் பக்கம் கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பயந்து ஓரமாகவே ஓடுகிறவர்களுக்கு ஒரு கால் எப்போதும் பள்ளத்தில், ஒரு கால் மேட்டில். ஒரு பக்க இடுப்பும் முட்டியின் வெளிப்பக்கமும் மட்டும் வலிக்கிறது என்றால் முதலில் ரோட்டைப் பாருங்கள். நான் களைத்த நாளில் ராயபுரம் அண்ணா பூங்காவுக்குப் போய்விடுகிறேன். 1949-ல் அண்ணா மழையில் கூட்டம் போட்டு தி.மு.க.வைத் தொடங்கிய பழைய ராபின்சன் பூங்காதான் அது. வட்டம் சின்னதுதான், ஒரு சுற்று இப்படி, ஒரு சுற்று அப்படி என்று திசை மாற்றிக்கொள்ளலாம். காசிமேடு பக்கம் விடியற்காலையில் வேண்டாம். மீன் ஏலம் களைகட்டியிருக்கும், வண்டியும் கூடையுமாக இருக்கும், மீன் தண்ணீர் வழிந்த தரையில் வழுக்காமல் ஓடுவதற்குத் தொடையின் உள்பக்கத் தசைகள் இழுத்துப் பிடித்தே களைத்துவிடும்.

இனி நிற்பதற்கு வருகிறேன். சும்மா நிற்பது வேலையே இல்லை என்று நினைப்பவர்கள் ஒரு முகூர்த்த நாளில் எங்கள் கவுன்ட்டருக்குள் வந்து பார்க்கலாம். நடக்கும்போதும் ஓடும்போதும் கெண்டைக்கால் சுருங்கி விரிந்து, கீழே இறங்கின ரத்தத்தை மேலே இதயத்துக்குத் தள்ளுகிறது. அசையாமல் நின்றால் அந்தத் தள்ளல் நடப்பதில்லை. ரத்தமும் நீரும் காலிலேயே தேங்கும், சாயங்காலம் கணுக்கால் வீங்கி சாக்ஸ் பதிந்த கோடு தெரியும். தசையோ, உடம்பைச் சாயவிடாமல் பிடிக்க, விடாமல் லேசாகச் சுருங்கியபடியே இருக்கும். அது ஓட்டத்தை விட மோசமான ஒரு களைப்பு. ஓட்டத்தில் ஒவ்வொரு அடிக்கும் நடுவில் தசை ஒரு கணம் தளர்கிறது, இதில் அதுகூட இல்லை.

ஆகவே கடையில் நான் அசைந்துகொண்டே இருக்கிறேன். கஸ்டமர் இல்லாத நேரத்தில் குதிகாலை உயர்த்தி இறக்குவேன். கீழ் ராக்கை ஒட்டி ஒரு மரப்பலகை கிடக்கிறது, அதில் ஒரு காலை வைத்து, கொஞ்ச நேரம் கழித்துக் கால் மாற்றுவேன். மேல் மாடியிலிருந்து கலர் எடுத்துவர வேண்டும் என்றால் பையனை அனுப்பாமல் நானே போவேன். உட்காருவதற்கு இப்போது சட்டமே இருக்கிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் கொண்டுவந்த திருத்தப்படி கடை ஊழியர்களுக்கு இருக்கை போட்டுத் தர வேண்டும். பல கடைகளில் ஸ்டூல் வந்துவிட்டது, உட்காரத்தான் கூச்சம். நான் கூச்சப்படுவதில்லை. இரண்டு நிமிஷம் உட்கார்ந்தாலும் உட்கார்ந்ததுதான்.

கவுன்ட்டருக்குள் செருப்பு போடக் கூடாது என்கிற வழக்கம் பல ஜவுளிக் கடைகளில் உண்டு. நாள் முழுக்க வெறுங்காலில் டைல்ஸ் மேல் நின்றால் குதிகாலுக்கு அடியிலிருந்து விரல் வரை போகும் சவ்வு இறுகிவிடும். காலையில் படுக்கையை விட்டு வைக்கிற முதல் அடியில் ஊசி குத்தின மாதிரி இருந்தால் அதுதான். நான் நிற்கிற இடத்தில் ஒரு ரப்பர் மேட் போட்டுக்கொண்டேன், முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. எழுந்ததும் கட்டிலில் உட்கார்ந்தபடியே துண்டை முன்பாதத்தில் மாட்டி அரை நிமிஷம் நம் பக்கம் இழுத்துவிட்டு அப்புறம் தரையில் கால் வைப்பது, ராத்திரி ஃப்ரீசரில் வைத்த தண்ணீர் பாட்டிலைப் பாதத்துக்கு அடியில் உருட்டுவது, இரண்டும் உதவும். வீட்டுக்கு வந்ததும் சுவரில் காலைத் தூக்கி வைத்துப் பத்து நிமிஷம் படுக்கிறேன். அத்தை முதலில் "இன்னாமா இது, வௌவால் மாறி?" என்று சிரித்தார்கள். இப்போது அவர்களும் பக்கத்தில் படுத்துக் காலைத் தூக்கிக்கொள்கிறார்கள்.

அன்றைக்கு ஓடலாமா வேண்டாமா என்பதை நான் தீர்மானிப்பது படுக்கையில். எழுந்து உட்காருவதற்கு முன்னால் மணிக்கட்டில் விரல் வைத்து அரை நிமிஷம் நாடி எண்ணி இரண்டால் பெருக்குகிறேன். எனக்கு வழக்கமாக 60-க்குப் பக்கத்தில் இருக்கும். 70-ஐத் தொட்டால் உடம்பு இன்னும் எதையோ சரிபண்ணிக்கொண்டிருக்கிறது, அல்லது காய்ச்சல் வரப்போகிறது. அதற்கப்புறம் மாடிப்படி. இறங்கும்போது இரண்டு தொடையும் கொஞ்சம் முனகினால் பரவாயில்லை, மெதுவாக ஓடினால் சூடேறி விட்டுவிடும். படியில் பக்கவாட்டாக இறங்க வேண்டியிருந்தால் அன்றைக்கு நடைதான்.

தூக்கத்தை ஈடுகட்ட எந்த மருந்தும் இல்லை. ஆழ்ந்த உறக்கத்தில்தான் வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரக்கிறது, தசை ரிப்பேர் அப்போதுதான் மும்முரமாக நடக்கும். கடை மூடி, வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுப் படுக்கப் பத்தரை ஆகும். நாலரைக்கு எழுந்தால் ஆறு மணி நேரம். அது போதாது என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் ஓடாத மூன்று நாளும் ஆறரை வரைக்கும் எழுந்திருப்பதில்லை. மே மாசத்தில் கரன்ட் போய், கொசுவோடு சண்டை போட்டு விடிகிற ராத்திரிகள் வரும். அப்படி ஒரு ராத்திரிக்குப் பின்னால் வேகமாக ஓடுவது வீண். ஓடின பலனைச் சேர்த்துக்கொள்ள உடம்புக்கு நேரமே கிடைத்திருக்காது.

வெயிலை விட நம் ஊர்ப் புழுக்கம்தான் தசையை முதலில் அடிக்கும். கடல் பக்கத்துக் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை ஆறாமல் சொட்டுகிறது. ஆறினால்தான் குளிர்ச்சி. சூட்டைத் தணிக்க ரத்தம் தோலுக்கு ஓடுவதால் தசைக்குக் கிடைப்பது குறைந்து, அதே வேகத்துக்கு நெஞ்சு அதிகம் துடிக்கும். கத்திரி வெயில் காலத்தில் நான் கிலோமீட்டர் கணக்கை விட்டுவிட்டு நிமிஷக் கணக்கில் ஓடுகிறேன். ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால் எவ்வளவு வியர்த்தது என்று தெரியும், ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர். எனக்கு மே மாசத்தில் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே அவ்வளவு போகும். அதை வெறும் தண்ணீராக மடக் மடக்கென்று குடித்து நிரப்பக் கூடாது. ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போனால் தலைவலி, வாந்தி, குழப்பம் வரை போகும். வியர்வையில் அதிகம் போவது சோடியம். இளநீரில் பொட்டாசியம்தான் அதிகம், சோடியம் குறைவு. உப்புப் போட்ட மோர் மலிவு, சுலபம். ரொம்ப வியர்த்த நாளில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட். அது இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உப்பு விஷயத்தில் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தசைப்பிடிப்புக்கு உப்புக் குறைவு மட்டும் காரணமில்லை, களைத்த தசைக்கு நரம்பு அனுப்பும் கட்டளை குழம்புவதும் ஒரு காரணம். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் முன்பாதத்தை முட்டி பக்கம் இழுத்துப் பிடித்தாலே விட்டுவிடும்.

சாப்பாட்டில் எனக்குப் பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. ஓடி வந்ததும் பழைய சோறு, மோர், உப்பு, சின்ன வெங்காயம். தசைக்குள் கிளைக்கோஜன் என்று ஒரு மாவுச்சத்துச் சேமிப்பு இருக்கிறது. நீண்ட ஓட்டத்தில் அது காலியாகிறது, முழுசாக நிரம்ப ஒரு நாள் ஆகும். கால் வலியே இல்லாமல் வெறும் பாரமாக மட்டும் இருக்கிறது என்றால் பெரும்பாலும் சோறு போதவில்லை என்று அர்த்தம். எடை குறையட்டும் என்று ஓடிவிட்டுப் பட்டினி கிடக்கும் பெண்களைப் பார்க்கிறேன். அவர்கள் குறைப்பது கொழுப்பை மட்டுமல்ல, தசையையும் சேர்த்து.

பழைய சோற்றில் புரதம் குறைவு, அதை வேறு இடத்தில் பார்க்க வேண்டும். தொடர்ந்து ஓடுகிறவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை புரதம் தேவை என்பது பரவலாக ஏற்றுக்கொண்ட கணக்கு. நான் 58 கிலோ, ஆக எனக்கு 70-லிருந்து 90 கிராம் வரை. முட்டை ஒன்றில் 6 கிராம், மீன் நூறு கிராமில் 20 கிராம் போல, வேகவைத்த கொண்டைக்கடலை நூறு கிராமில் எட்டொன்பது. நாலு இட்லியை நம்பினால் எட்டைத் தாண்டாது. புரதத்தை மூன்று வேளைக்கும் பிரித்துச் சாப்பிடுவது நல்லது, ராத்திரி ஒரே வேளையில் கொட்டுவதைவிட. காசிமேடு பக்கத்தில் இருப்பதில் இது ஒரு வசதி. வஞ்சிரம்தான் வேண்டும் என்று இல்லை, மத்தியும் நெத்திலியும் போதும், விலையும் கைக்கு அடங்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது, மீன் விலை எகிறும். நாட்டுப் படகில் வருகிற சின்ன மீன் கிடைத்தால் சரி, இல்லையென்றால் அந்த இரண்டு மாசமும் எங்கள் வீட்டில் முட்டையும் சுண்டலும்தான். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கடையில் எல்லோரும் டீயும் பஜ்ஜியும் சாப்பிடும்போது நான் டிபன் பாக்ஸில் சுண்டல் எடுத்துப்போவேன். இப்போது பாக்ஸ் பெரிசாகிவிட்டது, நான்கு பேர் கை வைக்கிறார்கள்.

பெண்களிடம் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று. நன்றாகத் தூங்கி, நன்றாகச் சாப்பிட்டு, ஓட்டத்தைக் குறைத்த பிறகும் கால் எழும்பவில்லை, ஒரு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது என்றால், அதைத் தசைச் சோர்வு என்று நினைத்து மாசக்கணக்கில் தைலம் தேய்த்துக்கொண்டிருக்காதீர்கள். ரத்தத்தைப் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல்! ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் தசைக்குப் போகும் ஆக்ஸிஜன் குறைகிறது, எவ்வளவு ஓய்வு எடுத்தாலும் அது திரும்பாது. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்புச் சேமிப்பு காலியாக இருக்கலாம். அதற்கு ஃபெரிட்டின் என்று தனி டெஸ்ட். மாநகராட்சி சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்த்துவிடலாம். எனக்குக் குறைவாக இருந்தது, டாக்டர் மாத்திரை கொடுத்தார். சாப்பிட்டதும் டீ குடிக்கிற பழக்கத்தை ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டேன், டீ இரும்பை உடம்பில் சேரவிடாது; மாத்திரையோடு எலுமிச்சைச் சாறு குடித்தால் நன்றாகச் சேரும். சில மாசத்தில் அதே ரோடு சமமாகிவிட்டது போல இருந்தது.

நல்லெண்ணெய், வெந்நீர், ஐஸ், ஸ்ப்ரே பற்றி எல்லோரும் கேட்பார்கள். செவ்வாய்க்கிழமை அத்தை சூடான நல்லெண்ணெய் தேய்த்துவிடுவார்கள். சுகமாக இருக்கும், வலி கொஞ்ச நேரம் மட்டுப்படும், தூக்கம் வரும். தூக்கம் வருவதற்காகவே நான் அதை விடமாட்டேன். ஆனால் அது எதையும் பிழிந்து வெளியேற்றுவதில்லை. தசை மேல் உருட்டுகிற ரோலரும் அப்படித்தான், சப்பாத்திக் கட்டையும் அப்படித்தான். ஓடினதும் நீட்டி மடக்கினால் மறுநாள் வலி வராது என்பது பெரும்பாலும் நம்பிக்கை, உடம்பு இளகினாற்போல இருக்கும், அவ்வளவே. ஐஸ் தண்ணீரில் காலை வைத்தால் வலி குறையும். தினம் செய்தால் தசை பலமாவதைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும் என்கிறார்கள், அதனால் போட்டிக்குப் பிறகு மட்டும் செய்கிறேன்.

வலி மாத்திரைதான் எனக்குப் பயம். மெடிக்கலில் கேட்டால் இரண்டு மாத்திரை வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வகை மாத்திரையைப் போட்டுக்கொண்டு வியர்வை கொட்டக் கொட்ட நீண்ட ஓட்டம் போவது கிட்னிக்குக் கெடுதல். அதோடு, வலி சொல்ல வந்த செய்தியும் காதில் விழாது. இதில் மாஸ்டரும் நானும் ஒரே கட்சி. "மாத்திர போட்டுக்கினு ரிங்குல ஏறுனா, அடி வாங்கறதே தெரியாதுமா" என்பார்.

ஓய்வைவிட அதிகம் காப்பாற்றுவது பலம். கெண்டைக்காலும் முன்தொடையும் பலமாக இருந்தால் அதே ஓட்டம், அதே பதினோரு மணி நேரம், குறைவாகக் களைக்க வைக்கும். எனக்கு ஜிம் இல்லை, மாடிப்படி இருக்கிறது. படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து, இரண்டு காலால் ஏறி, ஒரு காலால் மூன்று எண்ணி இறங்குகிறேன். முட்டியை நீட்டி ஒரு தரம், மடக்கி ஒரு தரம். மடக்கும்போது வேலை செய்வது உள்ளே இருக்கும் இன்னொரு தசை, ஓட்டத்தில் அதற்குத்தான் பாரம் அதிகம். அப்புறம் தண்ணீர் பிடித்த குடத்தை மார்போடு அணைத்து உட்கார்ந்து எழுவது. வாரம் இரண்டு முறை போதும். இதை ஓடாத நாளில் வைக்கச் சொல்வார்கள், நான் வியாழன் போன்ற கடினமான நாளிலேயே சேர்த்து முடித்துவிடுகிறேன். கஷ்டம் எல்லாம் ஒரு நாளில் முடிந்தால், லேசான நாள் நிஜமாகவே லேசாக இருக்கும்.

சில வலிகளோடு ஓடவே கூடாது. இரண்டு காலிலும் பரவலாக, மந்தமாக, ஓட ஓட இளகுகிற வலி தசையுடையது. ஒரே காலில், ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில், எலும்பின் மேல், ஓட ஓட ஏறுகிற வலி வேறு. ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தால் எலும்பில் நுண்விரிசல் இருக்கலாம். ஓட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரைப் பார்க்க வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, அழுத்தினால் வலிக்கிறது என்றால் ரத்தக் கட்டாக இருக்கலாம், தேய்க்கவே தேய்க்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கடுமையாக ஓடிய அல்லது தண்டால் எடுத்த மறுநாள் தாங்க முடியாத வலியோடு சிறுநீர் கோலா நிறத்தில் போனால், அது தசை உடைந்து கிட்னிக்குப் போகிறது என்று அர்த்தம். அதற்கு ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

தீபாவளிக்கு முந்தின மூன்று வாரம் எங்களுக்குப் பதினோரு மணி நேரம் பதிமூன்றாகும், வார லீவும் கிடைக்காது. அந்த நாட்களில் என் ஓட்டம் வாரம் இரண்டே தடவை, அரை மணி நேரம், பேசும் வேகம். வலுப்பயிற்சியை நிறுத்திவிடுகிறேன், பண்டல் தூக்குவதே போதும். இரண்டு மூன்று வாரம் குறைத்து ஓடினால் ஓட்டம் கையை விட்டுப் போய்விடாது. லேசாக வைத்திருந்தாலே பெரும்பகுதி நிற்கும். தீபாவளிக்கு மறுநாள் கடை லீவு, அன்றைக்கும் ஓடுவதில்லை, தூங்குகிறேன். அடுத்த செவ்வாய் ஐந்து கிலோமீட்டரில் தொடங்கி, மழை விட்ட நாளாகப் பார்த்து வாரத்துக்கு ஒரு கிலோமீட்டராக ஏற்றினால், ஜனவரியில் சென்னை மாரத்தானின் பத்து கிலோமீட்டருக்குச் சரியாக வந்துவிடும். மாரத்தான் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை வரும் என்பதால் அன்றைக்கு லீவுக்கு நவம்பரிலேயே முதலாளியிடம் சொல்லிவைக்க வேண்டும்.